காணொளிக்காரர்களுக்கு ஒரு சொந்த முகவரி

2023 ஜனவரி 24ஆம் தேதி இரவு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்க அலுவலகத்தில் மின்சாரம் போனது. பிபிசியின் ‘இந்தியா: தி மோடி க்வெஸ்சன்’ ஆவணப்படத்தை அன்று அங்கே திரையிடுவதாக இருந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் உள்ள அவசர அதிகாரத்தைக் கொண்டு, அந்தப் படத்தின் இணைப்புகளை நீக்கும்படி யூடியூபுக்கும் ட்விட்டருக்கும் மத்திய அரசு உத்தரவிட்டிருந்தது. மாணவர்கள் க்யூஆர் குறியீட்டைப் பகிர்ந்துகொண்டு, அவரவர் கைபேசியிலும் மடிக்கணினியிலும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அதே நாள்களில், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் யாரோ ஏற்றிவைத்திருந்த பிரதியும் மறைந்தது. அதை எடுக்க வைத்தது அரசு இல்லை. பதிப்புரிமையைக் காரணம் காட்டியது பிபிசியேதான்.

ஒரு காணொளியை இணையத்திலிருந்து அகற்ற எத்தனை பேருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை அந்த ஒரு வாரத்திலேயே பார்த்துவிடலாம். அரசுக்கு இருக்கிறது, மேடையை நடத்தும் நிறுவனத்துக்கு இருக்கிறது, உரிமை கொண்டாடுபவருக்கு இருக்கிறது. எடுத்தவருக்கு என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள முனிர்கா இந்தக் கேள்வியைக் கேட்கப் பொருத்தமான இடம். லால் டோரா எனப்படும் கிராமக் குடியிருப்பு எல்லைக்குள் இருக்கும் பழைய ஜாட் கிராமம் அது. மாடிமேல் மாடி கட்டி, அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வடகிழக்கு மாநில மாணவர்கள், பேர் சராய் பயிற்சி மையங்களுக்கு வரும் ஐஏஎஸ் கனவுக்காரர்கள், பக்கத்தில் மலை மந்திர் முருகன் கோயில் இருப்பதால் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் (டிடிஏ) குடியிருப்புகளில் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் என்று கலவையான ஊர். இங்கே அரசியல் பாடம் எடுப்பவர், மணிப்பூரிச் சமையல் காட்டுபவர், ஆவணப்படத்துக்கு ஒலி பதிபவர் எல்லாருமே காணொளிக்காரர்கள்தாம். அப்படி இருபது முப்பது பேர் ஒன்றுசேர்ந்து ‘நமக்கென்று ஓர் இடம் வேண்டும்’ என்றால் எங்கே போவது?

முனிர்கா வாடகைதாரர்களுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம் பழக்கம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. யூடியூப் சேனல் வைத்திருப்பவருக்கு அந்தப் பதினோரு மாத உறுதிகூடக் கிடையாது. 90 நாள்களுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் வந்தால் சேனலே போய்விடும். 2025 மே மாதம் இது பெரிய சர்ச்சையானது. தன் காட்சிகளைச் சில விநாடிகள் பயன்படுத்தியதற்காக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஸ்டிரைக் கொடுத்துவிட்டு, அதை விலக்க லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கேட்கிறது என்று யூடியூபர் மோஹக் மங்கல் குற்றஞ்சாட்டினார். சட்டப்படி தன் உரிமையைத்தான் காக்கிறேன் என்று சொன்ன ஏஎன்ஐ, அவர்மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நம் கவனத்துக்குரியது வேறு: பல ஆண்டு உழைப்பு, பிழைப்பு, பார்வையாளர் கூட்டம் அத்தனையும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் படிவத்துக்குப் பின்னால் நிற்கின்றன.

டிக்டாக் இதைவிடக் கொடூரம். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தச் செயலியைத் தரவிறக்கத் தடைவிதிக்கச் சொன்னது. கூகுளும் ஆப்பிளும் கடையிலிருந்து எடுத்தன. ஏப்ரல் 24இல் தடை விலகியது. அடுத்த ஆண்டு ஜூன் 29இல் மூடப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்றாக மத்திய அரசு அதை மூடியபோது திரும்பி வரவேயில்லை. ஜி.பி. முத்து போன்ற சிலர் யூடியூபுக்கு வந்து நிலைத்துவிட்டார்கள். அவர் அளவுக்குப் பெயர் எடுக்காத ஆயிரக்கணக்கானவர்கள், கிராமத்துப் பெண்களும் கூலிக்காரர்களும் உட்பட, தங்களைப் பின்தொடர்ந்தவர் யார் எவர் என்று தெரியாமலேயே எல்லாரையும் இழந்தார்கள்.

அப்படியானால் பெரிய நிறுவனங்களை விட்டு ஒதுங்கிய சிறிய மேடை போதுமா? போதாது என்கிறது வரலாறு. காணொளிக் கலைஞர்களுக்காகவே தொடங்கிய பிளிப் என்ற அமெரிக்கத் தளம், யூடியூபை விரும்பாதவர்களின் புகலிடமாக இருந்தது. 2013இல் அதை வேறொரு நிறுவனம் வாங்கியது, 2015 ஆகஸ்டில் மூடியது. ஆவணப்படக்காரர்களின் செல்லப்பிள்ளையான விமியோ, 2022இல் அதிகம் பார்க்கப்படும் கணக்குகளுக்குத் திடீரென்று ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கேட்டது. 2025இல் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. சிறிய மேடை நல்லவர்களால் நடத்தப்படலாம். நல்லவர்களும் ஒருநாள் விற்றுவிட்டுப் போவார்கள்.

விமியோவின் கதையில் தமிழ் சினிமாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 2012இல் ‘3’ படம் வெளியானபோது, அதன் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘ஜான் டோ’ உத்தரவு பெற்றது. எதிராளி யாரென்றே பெயர் குறிப்பிடாமல் வாங்கும் உத்தரவு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இணைய சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களை ஒட்டுமொத்தமாக அடைத்தன. தங்கள் சொந்தப் படைப்பை விமியோவில் வைத்திருந்த இந்தியக் கலைஞர்களுக்கே அவர்கள் படைப்பு தெரியாமல்போனது. ஜூன் மாதம், குறிப்பிட்ட இணைப்புகளைத்தான் தடுக்க வேண்டும், தளத்தையே அல்ல என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்குள் அனானிமஸ் ஹேக்கர் குழுவின் பெயரில் இணையத் தாக்குதலும் முகமூடிப் போராட்டமும் நடந்து முடிந்திருந்தன. பாடம் படித்தோமா என்றால் இல்லை. 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரச்சாரத்தைக் காரணம் காட்டி மத்திய அரசு அடைத்த 32 தளங்களில் விமியோவும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தன. 2017 ஆகஸ்டில், இந்திப் படங்கள் சிலவற்றின் திருட்டுப் பிரதிக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்கச் சொன்ன 2,600க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலில் மறுபடியும் இன்டர்நெட் ஆர்க்கைவ். யூடியூபை இப்படி மொத்தமாக அடைக்க எந்த அதிகாரியும் எளிதில் துணியமாட்டார். சிறிய மேடையை அடைத்தால் கேட்க நாதியில்லை. சுதந்திரமான தளத்தைப் பற்றிப் பேசும் ஆர்வலர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் உண்மை இது.

யூடியூபைத் திட்டிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. மலக்குழி மரணங்களையும் கையால் மலம் அள்ளும் கொடுமையையும் பதிவுசெய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்துக்கு 2017இல் தமிழகத்தில் பல ஊர்களில் காவல்துறை திரையிடல் அனுமதி மறுத்தது. யூடியூபில் ஏற்றிய பிறகுதான் அது மக்களைச் சென்றடைந்தது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வயலில் அடுப்பு மூட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. இதைச் சொந்த சர்வரில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கூட்டம் அங்கேதான் இருக்கிறது. அங்கே போகாதே என்று படைப்பாளியிடம் சொல்பவர் அவருக்கு மாதச் சம்பளம் தரத் தயாராக இருக்க வேண்டும்.

நம் நாட்டு ஆவணப்படக்காரர்கள் தங்கள் இடத்தைத் தேடிய கதை யூடியூபுக்கும் முந்தியது. 2004 மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. நாடெங்கும் இருந்த இயக்குநர்கள் மின்னஞ்சல் வழியே திரண்டு எதிர்த்தார்கள், நிபந்தனை விலகியது. ஆனால் தேர்வுப் பட்டியலில் அரசியல் கூர்மையுள்ள பல படங்கள் விடுபட்டிருந்தன. உடனே அதே பிப்ரவரியில், அரசு விழா நடந்த அதே நாள்களில், ‘விகல்ப்’ என்று தனியாக ஒரு விழாவை நடத்திக் காட்டினார்கள். குஜராத் கலவரம் குறித்த ராகேஷ் சர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ அந்த ஆண்டு தணிக்கைக் குழுவால் மறுக்கப்பட்டபோது அவர் செய்தது இன்னும் சுவாரசியம். ஐந்து பிரதி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பதாக வாக்குத் தந்தால் படம் இலவசம் என்று அறிவித்தார். 2004 அக்டோபரில் சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் குறுந்தகடுகள் எங்கெங்கோ போய்விட்டிருந்தன.

இந்தக் கதையில் சர்வர் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவரையொருவர் தெரிந்த சில நூறு பேர், அவர்களின் முகவரிப் பட்டியல், கையில் மூலப்பிரதி. விகல்புக்கு இருந்த சொத்து இவ்வளவுதான். இன்று தளம் தொடங்க ஆசைப்படும் குழுக்களிடம் பெரும்பாலும் சர்வர் இருக்கிறது, இந்த மூன்றும் இருப்பதில்லை.

அடுத்த கட்டம் 2008இல் வந்தது. மும்பையின் கேம்ப், மஜ்லிஸ், பாயின்ட் ஆஃப் வியூ, பெங்களூருவின் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம், பெர்லினைச் சேர்ந்த ஒரு சிறு நிரலாளர் குழு ஆகியவை சேர்ந்து ‘பத்மா’ என்ற இணையக் காணொளிக் காப்பகத்தைத் தொடங்கின. முடிந்த படத்தைவிட முடியாத படம்தான் அவர்களுக்கு முக்கியமாகப்பட்டது. ஒருமணி நேர ஆவணப்படத்துக்கு ஐம்பது, நூறு மணி நேரம் படம் பிடிக்கிறோம். வெட்டிப்போட்டது என்ன ஆகிறது? அலமாரியில் டேப்பாகவோ ஹார்டு டிஸ்க்காகவோ கிடந்து செத்துப்போகிறது. அந்த மிச்சத்தைத்தான் பத்மா கேட்டு வாங்கியது.

அதன் பக்கத்தைத் திறந்தால் காணொளிக்குக் கீழே ஒரு நீண்ட பட்டை தெரியும். மொத்தப் பதிவும் மெல்லிய வண்ணக் கோடுகளாக அதில் நெருக்கி அடுக்கியிருக்கும். காட்சி மாறும் இடம் கண்ணுக்கே தெரியும், தொட்டால் அந்த விநாடிக்குப் போகலாம். பக்கத்தில் பேச்சின் எழுத்துவடிவம், காட்சி விவரிப்பு, இடம், குறிச்சொல் எல்லாம் தொடங்கும் நேரம், முடியும் நேரத்தோடு வரிசையாக இருக்கும். ஒரு சொல்லைத் தேடினால் அது உச்சரிக்கப்பட்ட விநாடி வந்து நிற்கும். வேண்டிய பன்னிரண்டு விநாடிக்கு மட்டும் தனி இணைப்பு எடுத்து ஆய்வேட்டில் சேர்க்கலாம். பின்னால் இயங்கும் பாண்டோரா என்ற மென்பொருள் கட்டற்றது, எவரும் எடுத்து நிறுவலாம். அதே மென்பொருளில் 2013இல் இந்திய சினிமாவுக்கென்று ‘இண்டியன்சினிமா’ என்ற தளமும் வந்தது. பத்மாவில் எதுவும் வைரலாவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் தளம் இயங்குகிறது. பிளிப் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்காத நிலையில், இது சாதாரணமில்லை.

பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் மேடை வேண்டும் என்பவர்கள் இப்போது பெரும்பாலும் பியர்டியூபைச் சொல்கிறார்கள். பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2018 அக்டோபரில் அதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு குழுவும் தன் சர்வரைத் தானே நடத்தலாம். ஒரு சர்வரின் காணொளியை இன்னொன்றில் இருந்தபடியே பார்க்கலாம். ஒரே நேரத்தில் பார்ப்பவர்களின் பிரவுசர்கள் துண்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு சர்வரின் சுமையைக் குறைக்கும். எண்ணம் அழகானது. நம் ஊரில் பெரும்பாலானவர் மொபைல் டேட்டாவில், ஒருவர் பார்த்து முடித்த பிறகு இன்னொருவர் என்று பார்ப்பதால், அந்தப் பரிமாற்றத்தை நம்பிக் கணக்குப்போடக் கூடாது.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒருமணி நேரக் காணொளி, விநாடிக்கு 5 மெகாபிட் தரத்தில், 2.25 ஜிபி வரும். ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 2,250 ஜிபி வெளியே போக வேண்டும். லட்சம் பேர் என்றால் 225 டிபி. சேமிப்போ இதற்கு நேர்மாறு. நாற்பது பேர், ஆளுக்குப் பத்து மணி நேரம், விநாடிக்கு 50 மெகாபிட் மூலத்தரம் என்றாலும் மொத்தம் 9 டிபிதான். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வெவ்வேறு இடத்தில் வைத்தாலும் 18 டிபி, சில ஹார்டு டிஸ்க்குகளில் அடங்கிவிடும். ஆக, வைத்துக்கொள்வது மலிவு, காட்டுவது செலவு. குழுக்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டையும் ஒரே பொட்டலமாக நினைத்து, காட்டும் செலவைத் தாங்க முடியாமல், வைத்துக்கொள்வதையும் சேர்த்துக் கைவிட்டுவிடுகிறார்கள்.

சொந்தத் தளம் நடத்தினால் சட்டமும் உங்கள் வாசலுக்கு வரும். மற்றவர் காணொளியை ஏற்றிக்கொள்ளும் குழு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பார்வையில் இடையீட்டாளர். பிறர் ஏற்றியதற்குப் பொறுப்பாகாமல் காக்கும் 79ஆம் பிரிவின் பாதுகாப்பு வேண்டுமானால் 2021 விதிகளின்படி குறைதீர்க்கும் அலுவலரின் பெயரைப் போட வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு சர்வர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தடுப்பு உத்தரவு வந்தால் உங்களுக்காக வாதாட கூகுளின் வழக்கறிஞர் படை வராது.

ஒரே ஓர் இடத்தில் சட்டம் சிறிய மேடைக்குச் சாதகமாக இருக்கிறது, அது அதிகம் பேருக்குத் தெரியவில்லை. 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி, புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் காணொளியை நிறுத்திவைக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போடலாம். அதாவது நீதிமன்றம் போகும் பொறுப்பு புகார் சொல்பவரின் தலையில். யூடியூபின் ஸ்டிரைக் முறையில் சேனலை இழக்கும் பயம் படைப்பாளியின் தலையில். பிறர் காட்சியை விமர்சனத்துக்காக எடுத்தாளும் குழுக்களுக்கு இந்த வேறுபாடு ஒன்றுக்காகவே சொந்தத் தளம் வைத்துக்கொள்ளலாம்.

என் முடிவு இதுதான். கூட்டத்துக்கு யூடியூபை விட வேண்டாம். ஆனால் அங்கே இருப்பது காட்சிப்பிரதி மட்டுமாக இருக்கட்டும். டொமைன் பெயர், மூலக்கோப்புகள், பார்வையாளரின் மின்னஞ்சல் பட்டியல், ஒவ்வொரு காணொளியின் விவரக்குறிப்பு ஆகிய நான்கும் குழுவின் கையில் இருக்க வேண்டும். பியர்டியூபா பாண்டோராவா என்ற விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். விவரக்குறிப்பு ஒழுங்காக இருந்தால் மென்பொருளை மாற்றுவது ஒரு வார வேலை. இல்லாவிட்டால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் 2’ என்ற பெயர்களில் கிடக்கும் கோப்புகளை எடுத்தவரே அடையாளம் காணமாட்டார்.

அந்த நான்கையும் யார் பெயரில் வைப்பது என்பது தொழில்நுட்பத்தைவிடக் கடினமான காரியம். முனிர்கா போன்ற ஊரில் ஆள் நிற்பதில்லை. படிப்பு முடிந்தால் போய்விடுவார்கள். டொமைனை ஒரு மாணவர் தன் சொந்த அட்டையில் வாங்குவார், மூன்றாம் ஆண்டு வேலை கிடைத்து பெங்களூரு போவார், புதுப்பிப்பு நினைவூட்டல் அவர் திறக்காத மின்னஞ்சலுக்கு வரும், பெயர் காலாவதியாகும். பதிவுசெய்த சங்கமோ அறக்கட்டளையோ பெயரில் வாங்கி, கடவுச்சொல்லை இரண்டு பேருக்காவது தெரியவைத்து, ஐந்தாண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுவதுதான் வழி. நிதிக்கு உறுப்பினர் சந்தாவை நம்பலாம், ஒரே கொடையாளியை நம்பக் கூடாது.

டெல்லித் தமிழர்களுக்கு இது வெறும் பொதுக்கருத்து அல்ல. 2025 ஜூன் 1 அன்று, ஜங்புரா பக்கம் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த சுமார் 370 வீடுகள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் டெல்லியின் வடக்கு விளிம்பிலுள்ள நரேலாவில் மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி என்றார்கள். அந்த நாள்களில் செய்திச் சேனல்கள் எடுத்தன, யூடியூபர்கள் எடுத்தார்கள், குடியிருந்தவர்களே கைபேசியில் எடுத்தார்கள். அவை இன்று ரீல்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் யாருடையவோ கைபேசி நினைவகத்திலும் சிதறிக் கிடக்கின்றன. எந்த வீடு, பேசுபவர் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தவர், என்ன தேதி என்ற குறிப்பு பெரும்பாலும் இல்லை. சந்தை இதைப் பாதுகாக்காது. லட்சம் பார்வை வராத காணொளிக்குச் சந்தையில் வேலையில்லை.

முனிர்காவிலிருந்து சற்றுத் தொலைவில், ஆர்.கே. புரத்தில், 1946இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பதிவுசெய்த அமைப்பு, நூலகம், அரங்கம், உறுப்பினர் பட்டியல் எல்லாம் அதற்கு உண்டு. ஒரு டொமைன், நான்கு ஹார்டு டிஸ்க், பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ் மாணவர் இருவர். தொடங்க இவ்வளவு போதும். மதராஸி கேம்ப் காட்சிகளை எடுத்தவர்களும் அதில் பேசியவர்களும் இன்னும் தொடர்புகொள்ளும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். நரேலாவுக்குப் போனவர்களின் கைபேசி எண்கள் மாறுவதற்குள் சங்கம் இந்த வேலையைக் கையிலெடுக்க வேண்டும்.